காதைக் கெடுத்த மருந்து, காதுக்கே மருந்தான கதை

கோடை லீவு, ஸ்விம்மிங் கிளாஸ். ரெண்டாவது வாரம் குழந்தை காதைத் தொடவே விடாம அழும். காதுக்குழாய்த் தோல் தண்ணியில ஊறி, கிருமி தொற்றியிருக்கும். டாக்டர் ஒரு குட்டி பாட்டில் சொட்டு மருந்து எழுதித் தருவார். அந்த பாட்டிலுக்குப் பின்னால ஒரு விசித்திரமான வரலாறு இருக்கு.

1949. அமெரிக்காவின் ரட்கர்ஸ் பல்கலைக்கழகம். செல்மன் வாக்ஸ்மனும் ஹியூபர்ட் லெஷவாலியேவும் மண்ணில் வாழும் ஒரு நுண்ணுயிரியிலிருந்து நியோமைசினைப் பிரித்தெடுத்தார்கள். பல கிருமிகளைக் கொல்லும் மருந்து. ஆனா ஊசியாப் போட்டா சிறுநீரகம் கெட்டது, காது நிரந்தரமா கேட்காமப் போச்சு. உள்காதில் ஒலியை உணரும் செல்களை அது அழித்தது. அவை நமக்குத் திரும்ப முளைக்காது.

அப்படிப்பட்ட மருந்தை யாராவது காதுல விடுவாங்களா? விட்டாங்க! காரணம் இருக்கு. வெளிக்காதுக் குழாய் என்பது தோல்தான். அதன் முடிவில் செவிப்பறை ஒரு கதவு மாதிரி மூடியிருக்கு. மருந்து உள்ளே போகாது. நியோமைசினோடு, நீச்சல்காரர் காதில் அடிக்கடி வரும் சூடோமோனாஸ் கிருமிக்காக பாலிமிக்சின், வீக்கத்துக்கு ஹைட்ரோகார்டிசோன். இந்தக் கூட்டணி பல பத்தாண்டுகள் கோலோச்சியது.

சிக்கல் எங்கேன்னா, அந்தக் கதவுல ஓட்டை இருந்தா? காது வீங்கிய குழந்தைக்கு டாக்டராலேயே செவிப்பறையைப் பார்க்க முடியாமல் போகலாம். 1997-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற ஓஃப்ளாக்சசின் சொட்டு மருந்து இந்தப் பயத்தைக் குறைத்தது. செவிப்பறையில் ஓட்டை இருந்தாலும் அதைப் பயன்படுத்தலாம்.

மாத்திரை கொடுத்தா போதாதா? கணக்கைப் பாருங்க. 0.3 சதவீத சொட்டு மருந்தில், ஒரு மில்லிலிட்டருக்கு 3 மில்லிகிராம் மருந்து இருக்கு. மாத்திரை ரத்தத்தில் சேர்க்கும் அளவைவிட இது நூற்றுக்கணக்கான மடங்கு அதிகம். அதனால்தான் 2006-இல் அமெரிக்கக் காது மூக்கு தொண்டை நிபுணர்களின் வழிகாட்டுதல், சாதாரண வெளிக்காதுத் தொற்றுக்கு முதலில் சொட்டு மருந்து, மாத்திரை இல்லை என்றது.

இந்த வரலாற்றில் நான் எடுத்துக்கொள்வது ஒன்றுதான். எந்த மருந்து என்பதைவிட, கதவு மூடியிருக்கா என்பதே முதல் கேள்வி. அலமாரியில் கிடக்கும் பழைய பாட்டிலோ, பாட்டி காய்ச்சிய எண்ணெயோ அந்தக் கேள்வியைக் கேட்காது. அதனால, முதல்ல டாக்டர் பார்க்கட்டும். அப்புறம் சொட்டு விடலாம்.

அடுத்த எபிசோட்ல சந்திப்போம்.