ஊர் எழுதாத கல்

ஜபல்பூர் நகரில் படா சிம்லா என்று ஒரு சிறு குன்று உண்டு. அந்நகரின் படைக்கலத் தொழிற்சாலைகளில் பணியாற்றச் சென்ற தமிழன்பர்கள் பலர் அதனைக் கண்டிருப்பார்கள். 1828-ஆம் ஆண்டில் அக்குன்றருகே வில்லியம் ஸ்லீமன் என்னும் ஆங்கிலப் படை அதிகாரி சில எலும்புகளைக் கண்டெடுத்தார். தக்கர் எனப்பட்ட வழிப்பறிக் கூட்டத்தாரை ஒடுக்கியவர் என்று சரித்திர நூல்கள் கூறும் அதே ஸ்லீமன்தான் இவர். பார்வைக்கு அவை எலும்புகள். கையில் எடுத்தால் கல்லின் கனம். அவை எந்தப் பிராணிக்கு உரியவை என்று சொல்ல வல்லார் அன்று அங்கே இல்லை. டைனசார் என்ற பெயரே அதற்குப் பதினான்கு ஆண்டுகள் கழித்து, 1842-இல்தான், ரிச்சர்டு ஓவன் என்னும் அறிஞரால் ஆக்கப்பட்டது.

ஸ்லீமனுக்கு நிலநூல் தொழில் அன்று. அவரிடமிருந்து எலும்புகளைப் பெற்ற ஸ்பில்ஸ்பரி, ஊர் மருத்துவர். அவரிடமிருந்து கல்கத்தாவில் அவற்றைப் பெற்ற ஜேம்ஸ் பிரின்ஸெப், நாணயச்சாலை அதிகாரி. பிற்காலத்தில் அசோகனுடைய பிராமி எழுத்துக்களைப் படித்துக் காட்டிப் புகழ் பெற்றவர். மூவருக்கும் இது ஓய்வு நேர வேலையே. எனினும் இந்திய மண்ணில் கிடைத்த முதல் டைனசார் எலும்புகள் உலகறிய வந்தது இவர்கள் கை மாறியேயாகும்.

புதைபடிவங்களைத் தேடிச் சேர்ப்பதும், அவை இன்னவை என்று அறிவதும் நம் நாட்டில் எப்படித் தொடங்கின என்பதைச் சிறிது நினைத்துப் பார்ப்போம். உத்தியோக நிமித்தமாகச் சொந்த ஊரை விட்டு வேற்று மாநிலங்களில் வாழும் நமக்கு அச்சரித்திரத்தில் ஒரு பாடம் இருக்கிறது.

மொழிபெயர்ப்பே பிழைப்பாகக் கொண்ட நாம் சொல்லிலிருந்து தொடங்குவதைப் பொறுத்தருள வேண்டும். ஆங்கிலத்தில் ஃபாசில் என வழங்கும் சொல், தோண்டி எடுக்கப்பட்டது என்னும் பொருளுடைய இலத்தீன் சொல்லிலிருந்து வந்தது. தமிழில் நாம் புதைபடிவம் என்கிறோம். அவர்கள் தோண்டுவதைக் கொண்டு பெயரிட்டார்கள். நாம் புதைவதைக் கொண்டு பெயரிட்டோம். இரண்டும் சேர்ந்தால்தான் பொருள் நிறைவு பெறும். இறந்த உயிர் அழுகி மறையுமுன் சேற்றிலோ மணலிலோ சாம்பலிலோ புதைய வேண்டும். மண்ணில் ஊறும் நீர் தன்னிடம் கரைந்துள்ள தாதுக்களை எலும்பின் நுண்துளைகளிலும் மரத்தின் நார்களுக்கிடையிலும் நிரப்ப வேண்டும். பல இலட்சம் ஆண்டுகள் கழித்து மழையோ ஆறோ அம்மண்ணைக் கரைத்து அதனை வெளிப்படுத்த வேண்டும். அவ்வேளையில் அவ்வழியே போகிறவர் குனிந்து பார்க்கவும் வேண்டும்.

ஆங்கிலேயர் வருமுன் நம்மவர் இவற்றைக் காணவில்லை என்று எண்ணுதல் தவறு. வைணவ இல்லங்களில் பூசை பெறும் சாளக்கிராமம் கண்டகி நதியில் கிடைப்பது. அதனுள் சக்கரம் போல் காணும் சுருள், அம்மோனைட் என்னும் கடல்வாழ் பிராணியின் ஓட்டுப் பதிவு. இமயம் எழுமுன் அங்கே கடல் இருந்தது என்பதற்கு அது சாட்சி. சிவாலிக் மலையடிவாரத்து மக்கள் கல்லாகிய எலும்புகளை மின்னல் எலும்புகள் என்னும் பொருள்பட பிஜ்லீ கீ ஹாட் என்று வழங்கினர். மத்தியப் பிரதேசத்துத் தார் மாவட்டத்தில் பாட்லியா என்னும் சிற்றூரில், வயலையும் கால்நடையையும் காக்கும் தெய்வம் காகர் பைரவர் என்று உருண்டைக் கற்களை வழிபட்டு வந்தார்கள். அவை டைனசார் முட்டைகள் என்று 2023-இல் தெரியவந்தது. பக்தியால் காக்கப்பட்ட பொருள் ஆராய்ச்சிக்கும் கிடைத்தது என்பதில் நாம் மகிழலாம்.

ஸ்லீமனுக்குப் பின் வந்தோரில் முதலில் சொல்லத் தக்கவர்கள் இருவர். ஹியூ ஃபால்கனர் ஸ்காட்லாந்து நாட்டு மருத்துவர். 1832-இல் சகாரன்பூர்த் தாவரத் தோட்டத்துக்குத் தலைவரானவர். பிராபி காட்லி கால்வாய் வெட்டும் பொறியாளர். பிற்காலத்தில், 1854-இல் திறக்கப்பட்ட கங்கைக் கால்வாயை அமைத்தவர். ஒருவருக்குச் செடி கொடி, மற்றவருக்கு மண்ணும் நீரும் தொழில். ஓய்வு கிடைத்த போதெல்லாம் இருவரும் சிவாலிக் குன்றுகளில் ஏறி இறங்கினர். நான்கு கொம்புகளைத் தாங்கிய, ஒட்டைச்சிவிங்கிக் குடும்பத்தைச் சேர்ந்த மாபெரும் விலங்கொன்றின் தலை எலும்பு கிடைத்தது. அதற்குச் சிவனுடைய பெயரைச் சேர்த்துச் சிவதீரியம் என்று 1836-இல் பெயரிட்டார்கள். பெருயானைகளும் நீர்யானைகளும் மிகப் பெரிய ஆமையொன்றும் அங்கேயே கிடைத்தன. 1837-இல் இலண்டன் நிலநூற் சங்கம் தனது உயர்ந்த பரிசாகிய வொலாஸ்டன் பதக்கத்தை இவ்விருவருக்கும் சேர்த்து அளித்தது.

அடுத்து நாகபுரிக்கு வருவோம். அதனை அடுத்த காம்ப்டீ என்னும் படைவீட்டில் சென்னைப் படையினர் தங்கியிருந்தமையால் அங்கே தமிழ்க் குடும்பங்கள் பல தலைமுறைகளாக வாழ்ந்து வருவதை நேயர்கள் அறிவார்கள். சென்னை மருத்துவப் பிரிவைச் சேர்ந்த மால்கம்சன் என்பவர், தக்காணத்தின் கரும்பாறை அடுக்குகளுக்கு இடையே அகப்பட்டுக் கிடந்த நன்னீர் நத்தைகளைப் பற்றி எழுதினார். அந்நத்தை ஒன்றுக்கு 1840-இல் சூட்டப்பட்ட பெயர் ஃபைசா பிரின்ஸெபியை. நாம் முன்னர்க் கண்ட நாணயச்சாலை அதிகாரி இவ்வாறு ஒரு நத்தையின் பெயரிலும் வாழ்கிறார். 1845-இல் நாகபுரிக்கு வந்த ஸ்டீவன் ஹிஸ்லாப் என்னும் பாதிரியார், நகருக்கு அருகே தாக்ளி என்னும் இடத்தில் கல்லாகிய கனிகளையும் விதைகளையும் சிப்பிகளையும் திரட்டினார். எரிமலைக் குழம்பு ஒரு முறை பரவி ஆறிய பின்னர் அதன் மேல் குளம் தேங்கி, செடி முளைத்து, நத்தை ஊர்ந்து, மீண்டும் குழம்பு வந்து மூடிய கதையை அவை சொல்லுகின்றன. 1863-இல் ஹிஸ்லாப் ஓர் ஆற்றைக் கடக்கையில் வெள்ளத்தில் மூழ்கி இறந்தார். அவர் பெயரால் விளங்கும் கல்லூரி இன்றும் அந்நகரில் இருக்கிறது.

நம் தாயகத்துக்கும் இச்சரித்திரத்தில் இடம் உண்டு. திருவக்கரையில் கல்லாய்க் கிடக்கும் மரங்களைப் பற்றிப் பிரெஞ்சு யாத்திரிகர் சொன்னரா 1782-இலேயே எழுதி வைத்தார். சென்னை சிவில் சர்வீஸைச் சேர்ந்த கே, கன்லிஃப் என்னும் இருவர் 1840-ஐ ஒட்டிய ஆண்டுகளில் புதுச்சேரி, விருத்தாசலம், திருச்சிராப்பள்ளிப் பகுதிகளில் கடற்சிப்பிகளையும் அம்மோனைட்டுகளையும் சேகரித்து இலண்டனுக்கு அனுப்பினார்கள். எட்வர்டு ஃபோர்ப்ஸ் என்னும் அறிஞர் 1846-இல் அவற்றை விவரித்து எழுதினார். அரியலூர்ச் சீமை ஒரு காலத்தில் கடலடியில் இருந்தது என்னும் உண்மையை உலகறிந்த அறிவாக்கியவற்றுள் இச்சேகரமும் ஒன்று.

இவர்கள் எல்லாரும் ஆளும் இனத்தவராய் வந்தவர்கள். கண்டவற்றிற் பலவற்றைக் கப்பலேற்றியவர்கள். இடம் காட்டிய கிராமத்தாருடைய பெயரும் மண் தோண்டிய கூலியாட்களுடைய பெயரும் பெரும்பாலும் ஏட்டில் ஏறவில்லை. இக்குறையை நாம் மறக்க வேண்டியதில்லை. ஆயினும் ஒரு காரியத்தை அவர்கள் விடாது செய்தார்கள். கல்லை எடுத்த இடத்தையும் அது கிடந்த அடுக்கையும் எழுதி வைத்தார்கள். பொழுதுபோக்கு, அறிவாக மாறியது அந்த எழுத்தினாலேதான்.

இதன் அருமையை நாம் அறிந்துகொண்டது ஒரு நட்டத்தினால். பல ஆண்டுகளுக்கு முன் அலுவல் மாற்றத்தால் நாகபுரியில் இருந்தபோது ஞாயிற்றுக்கிழமைகளில் குழந்தைகளுடன் ஊர்ப்புறங்களில் நடப்பது வழக்கம். நத்தை பதிந்த கற்கள், மர நார் தெரியும் துண்டுகள் எனக் கண்டவற்றையெல்லாம் ஒரு தகரப் பெட்டியில் போட்டு வந்தோம். போபாலுக்குப் போனபோதும் ராய்ப்பூருக்குப் போனபோதும் எடுத்தவை அதே பெட்டியில் சேர்ந்தன. பின்னர் தில்லிக்கு மாற்றம். பெட்டியும் கூடவே வந்தது. நிலநூல் கற்பிக்கும் நண்பர் ஒருவரிடம் பெருமையுடன் திறந்து காட்டினோம். அவர் ஒரு கல்லை எடுத்து நெடுநேரம் கண்ணாடியில் பார்த்தார். சிறு விதையொன்று முழுமையாகப் பதிந்திருந்தது. இது எந்த ஊர்க் கல் என்றார். நமக்கு நினைவில்லை. பிள்ளைகள் ஆளுக்கோர் ஊர் சொன்னார்கள். அவர் கல்லைப் பழைய இடத்திலேயே வைத்துவிட்டு, நல்ல கல்தான், மேசையில் காகிதத்தின் மேல் வைக்கலாம் என்றார். அவர் இகழ்ந்து சொல்லவில்லை; உண்மையைச் சொன்னார். ஏழு கோடி ஆண்டு தப்பிப் பிழைத்த விதை நம் பெட்டியில் வந்து ஊமையாகிவிட்டது.

ஸ்லீமனுடைய எலும்பின் கதையை இதனோடு ஒப்பிட்டுப் பாருங்கள். ரிச்சர்டு லைடெக்கர் 1877-இல் அதற்கு டைட்டனோசாரஸ் இண்டிகஸ் என்று பெயரிட்டார். அப்பெயருக்கு ஆதாரமான வால் முள்ளெலும்பு பின்னர்க் காணாமற் போய், தொலைந்ததென்றே கருதப்பட்டது. 2012-இல் கொல்கத்தாவில் இந்திய நிலவியல் ஆய்வு நிறுவனத்தின் சேகரத்திலேயே அது மீண்டும் கண்டறியப்பட்டது. எடுத்தவர் யார், எந்தக் குன்று, எவர் கை மாறிற்று என்பன எழுத்தில் இருந்தமையால், பொருள் மறைந்த காலத்திலும் அதன் செய்தி மறையவில்லை. நம் பெட்டியிலோ பொருள் இருந்தது, செய்தி தொலைந்தது.

ஆகவே இப்பொழுதுபோக்கில் ஈடுபடுவோர்க்கு முதற் கருவி சுத்தியல் அன்று, பென்சிலும் குறிப்பேடுமே. கல்லை எடுக்குமுன் அது கிடந்தபடியே படம் பிடித்து, ஊர், ஓடை அல்லது சாலை, நாள், பாறையின் நிறம் ஆகியவற்றை அங்கேயே எழுதுதல் வேண்டும். கல்லின் மூலையில் ஓர் எண். ஏட்டிலும் அதே எண். பிறகு பழைய செய்தித்தாளில் தனித்தனியே சுற்றுதல் வேண்டும்.

இனங்காணுதல் பழகப் பழக வருவது. அடிமரத் துண்டின் வெட்டுமுகத்தில் வளையங்கள் இல்லாமல் புள்ளிகள் நெருங்கியிருந்தால் அது பனை இனம். தென்னையோ பனையோ அறுபடக் கண்ட தமிழருக்கு இதைச் சொல்லித் தர வேண்டியதில்லை. நாகபுரிக் கல்லில் உள்ள நத்தையைக் கூர்முனை மேலாகவும் வாய் நம்மை நோக்கியும் பிடித்துப் பார்த்தால் வாய் இடப்பக்கம் இருக்கும். நத்தைகளிற் பெரும்பாலானவற்றுக்கு அது வலப்பக்கம். நாம் அரிதென்று போற்றும் வலம்புரிச் சங்கு எப்படி மற்றச் சங்குகளுக்கு எதிராகச் சுருள்கிறதோ அப்படியே இதுவும். நிலக்கரிச் சுரங்கத்துக் களிக்கல்லில் நாக்கு வடிவான இலையும் நடுநரம்பும் வலைபோன்ற கிளைநரம்பும் தெரிந்தால் அது குளோசாப்டெரிஸ். ஆப்பிரிக்காவிலும் ஆஸ்திரேலியாவிலும் அண்டார்க்டிகாவிலும் அதே இலை கிடைப்பதால் இந்நிலங்கள் முன்பு ஒன்றாயிருந்தன என்று அறிஞர் துணிந்தனர். ஆனால் பாறைப் பிளவில் கறுப்பாகப் படர்ந்த செடியின் சித்திரத்தைக் கண்டு ஏமாறக் கூடாது. நடுநரம்பு இல்லாத அவ்வுருவம் பெரும்பாலும் மாங்கனீசு ஆக்சைடு படிந்த கறையே. உருண்டைக் கல்லெல்லாம் முட்டையும் அன்று.

எடுக்கத் தகாதவையும் உண்டு. திருவக்கரையிலும் சாத்தனூரிலும் குகுவா போன்ற தேசியப் பூங்காக்களிலும் உள்ளவற்றில் ஒரு சில்லைக்கூடத் தொடுதல் குற்றம். வேறிடங்களில் எலும்போ முட்டையோ தென்பட்டால் தோண்டாமல் விட்டு, நிலவியல் ஆய்வு நிறுவனத்துக்கோ அருகிலுள்ள பல்கலைக்கழகத்துக்கோ எழுதுவதே முறை. மரமும் இலையுமானால் லக்னோவிலுள்ள பீர்பல் சாஹ்னி நிறுவனத்தார் அவற்றை ஆராய்வதற்கென்றே இருக்கிறார்கள்.

இவ்வேலை அதிகாரம் படைத்த அன்னியரோடு முடிந்துபோகவில்லை. தார் மாவட்டத்தில் ஒரு பள்ளி ஆசிரியரும் அவருடைய தோழர்களும் தங்கள் ஓய்வு நேரத்தில் தேடி, 2007-இல் நூற்றுக்கு மேற்பட்ட டைனசார் முட்டைகளை வெளிப்படுத்தினார்கள். குகுவாவில் கல்லான மரங்களை 1970-களில் வெளியுலகுக்கு அறிவித்தவர் அம்மாவட்டத்துப் புள்ளிவிவர அதிகாரி. 1983-இல் அது தேசியப் பூங்காவாயிற்று. அவரும் நம்மைப் போலக் கோப்புகளுக்கிடையே வாழ்ந்தவர்தாம்.

வேற்றூரில் வாழும் நாம் அவ்வூரைச் சம்பளம் வாங்கும் இடமாகவே எண்ணிக் காலம் கழித்துவிடுவது எளிது. அதன் மண்ணுக்கும் கோடிக்கணக்கான ஆண்டுச் சரித்திரம் உண்டென்று அறிந்தபின் அங்ஙனம் எண்ண மனம் வராது. அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஊர்ப்புறம் செல்வோர் சட்டைப்பையில் ஒரு பென்சிலை எடுத்துச் செல்வார்களாக. கல் கிடைக்காவிட்டாலும் குற்றமில்லை. கிடைத்தால் முதலில் ஊரை எழுதுங்கள்.