மதிலை இடிக்கப் பார்த்த மாநகராட்சி

இங்கிலாந்தில் யார்க் நகரத்துக்குப் போகிறவர்கள் பெரும்பாலும் மூன்று இடங்களைப் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுவார்கள். மின்ஸ்டர் என்கிற பெரிய தேவாலயம், ஷாம்பிள்ஸ் என்கிற குறுகலான கடைத்தெரு, ரயில் அருங்காட்சியகம். என் மகளும் மாப்பிள்ளையும் லீட்ஸில் இருக்கிறார்கள். அங்கிருந்து யார்க்குக்கு ரயிலில் அரை மணி நேரம்கூட ஆகாது. இரண்டு நாள் தங்கிப் பார்க்கலாம் என்று அவர்கள் போட்டுக்கொடுத்த பட்டியலிலும் இந்த மூன்றுதான் மேலே இருந்தன. நகரத்தைச் சுற்றியுள்ள மதில் கடைசியில், "முடிந்தால்" என்ற குறிப்போடு இருந்தது. "மாமா, படி ஏறணும், முழங்கால் தாங்குமா?" என்று மாப்பிள்ளைக்குக் கவலை. நான் மதிலைத்தான் முதலில் பார்ப்பேன் என்று சொல்லிவிட்டேன். இருநூறு வருடங்களுக்கு முன்னால் அந்த ஊர் மாநகராட்சியே அதை இடித்துத் தள்ளத் தீர்மானித்திருந்தது என்று படித்திருந்தேன். உள்ளாட்சியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவனுக்கு இதைவிட வேறென்ன வேண்டும்?

மதிலின் நீளம் சுமார் 3.4 கிலோமீட்டர். இங்கிலாந்தில் மிஞ்சியிருக்கும் இடைக்கால நகர மதில்களில் இதுவே மிக நீளமானது. அடியில் ரோமர் காலத்து வேலையும் உண்டு. கி.பி. 71இல் ரோமர்கள் இங்கே படைமுகாம் அமைத்து எபோராக்கும் என்று பெயரிட்டார்கள். 306இல் கான்ஸ்டன்டைனைப் பேரரசர் என்று படைவீரர்கள் அறிவித்தது இந்த ஊரில்தான். மியூசியம் கார்டன்ஸ் என்ற பூங்காவில் பல பக்கங்கள் கொண்ட ஒரு கோபுரம் நிற்கிறது. கீழ்ப்பாதி ரோமர் கட்டியது, மேல்பாதி இடைக்காலத்தார் கட்டியது. கல்லின் அளவே மாறுவதால் வெறுங்கண்ணுக்கே வித்தியாசம் தெரியும்.

866இல் வைக்கிங்குகள் ஊரைப் பிடித்தார்கள். அவர்கள் விட்டுப்போன ஒரு குழப்பம் இன்றும் வெளியூர்க்காரர்களைச் சுற்றவிடுகிறது. தெருவுக்கு அவர்கள் மொழியில் இருந்த சொல்லிலிருந்து வந்ததால், இங்கே தெருப் பெயர்கள் "கேட்" என்று முடியும். மதில் வாயிலுக்குப் பெயர் "பார்". பார் என்று நாம் நினைப்பதற்குப் பெயர் "பப்". பூதம் பார், மங்க் பார், வாம்கேட் பார், மிக்கில்கேட் பார் என்று நான்கு பெரிய வாயில்கள். பூதம் என்றதும் என் மனைவி ஒரு முறை நிமிர்ந்து பார்த்தாள். அது ஒரு தெருவின் பெயர், அவ்வளவுதான்.

மிக்கில்கேட் லண்டனிலிருந்து வரும் சாலையின் வாயில். துரோகிகள் என்று தண்டிக்கப்பட்டவர்களின் தலைகளை இதன் உச்சியில்தான் குத்தி வைப்பார்கள். 1460இல் வேக்ஃபீல்டு போரில் மாண்ட யார்க் கோமகன் ரிச்சர்டின் தலையைக் காகிதக் கிரீடம் சூட்டி இங்கே வைத்தார்கள். தன் பட்டத்துக்கே பெயர் கொடுத்த ஊரைப் பார்த்தபடி அவர் தலை இருந்தது.

வாம்கேட் கதை வேறு. 1644இல் உள்நாட்டுப் போரின்போது பாராளுமன்றப் படை ஊரை முற்றுகையிட்டது. பீரங்கிக் குண்டு பட்ட வடு அந்த வாயிலில் இன்னும் இருக்கிறது. ஊர் விழுந்த பிறகு தளபதி ஃபேர்ஃபேக்ஸ் மின்ஸ்டரின் வண்ணக் கண்ணாடிகளை உடைக்கவிடாமல் காத்தார். அவர் இந்த வட்டாரத்துக்காரர். கோவெண்ட்ரி ஊர் ஜான் தார்ன்டன் 1405இலிருந்து 1408 வரை செய்த கிழக்குச் சாளரம் அப்படித்தான் தப்பியது. ஒரு டென்னிஸ் மைதானம் அளவுக்கு இருக்கும். அவருக்குக் கிடைத்த மொத்தக் கூலி 56 பவுன்.

போர்கள் ஓய்ந்தபின் மதிலுக்கு வேலை இல்லாமல் போயிற்று. கல் சரிந்தது, செடி முளைத்தது. வாயில்கள் குறுகல் என்பதால் சரக்கு வண்டிகளுக்குத் தொல்லை. 1800இல் மாநகராட்சி, மதிலையும் வாயில்களையும் இடித்துவிட அனுமதி கேட்டுப் பாராளுமன்றத்தை நாடியது.

இந்த இடத்தில் அந்த மாநகராட்சியைத் திட்டுவது சுலபம். என்னால் முடியவில்லை. ஓவர்சியராகச் சேர்ந்து முப்பது வருடத்துக்கு மேல் நகராட்சிக் கோப்புகளோடு குடும்பம் நடத்தியவன் நான். பராமரிப்புக்குப் பணம் இல்லை, கல் விழுந்து யாருக்காவது அடிபட்டால் பொறுப்பு நம் தலையில், வியாபாரிகள் தினமும் வந்து நிற்கிறார்கள், இடித்தால் கல்லாவது விலை போகும். இப்படி ஒரு கோப்பு மேசைக்கு வந்தால், என்ன குறிப்பு எழுதுவார்கள் என்று எனக்குத் தெரியும். வரலாறு என்கிற கணக்குத் தலைப்பு எந்த நகராட்சி பட்ஜெட்டிலும் கிடையாது.

ஆர்ச்பிஷப் எதிர்த்ததால் முழு இடிப்பு நடக்கவில்லை. ஆனால் கொஞ்சம் கொஞ்சமாக நடந்தது. சிறு வாயில்கள் சில போயின. மதிலின் சில பகுதிகள் போயின. ஒவ்வொரு பெரிய வாயிலுக்கும் முன்னால் இரண்டு சுவர்கள் நீண்டு ஒரு புறவாயில் இருக்கும், பார்பிகன் என்பார்கள். எதிரி முதல் கதவை உடைத்து உள்ளே வந்தால் இரண்டுக்கும் நடுவில் மாட்டிக்கொள்வான். 1820களிலும் 1830களிலும் மூன்று வாயில்களின் பார்பிகன்களை இடித்துவிட்டார்கள். வாம்கேட்டில் மட்டும் மிஞ்சியது. இங்கிலாந்தில் நகர வாயிலோடு சேர்ந்து மிச்சமிருக்கும் ஒரே பார்பிகன் அதுதான். அதே வாயிலின் உள்பக்கத்தில் மரச்சட்டங்களால் கட்டிய சிறிய வீடு ஒட்டிக்கொண்டிருக்கிறது. 1957 வரை அதில் ஆள் குடியிருந்திருக்கிறார்கள்!

இனி நம் கதாநாயகர். பெயர் வில்லியம் எட்டி. நம் ஊர் எட்டிக்காய்க்கும் இவருக்கும் சம்பந்தமில்லை, ஆனால் மாநகராட்சிக்குக் கசப்பாகத்தான் இருந்திருப்பார். 1787இல் யார்க்கில் பிறந்தவர், அப்பா ரொட்டிக்கடைக்காரர். பதினொரு வயதில் ஹல் நகரத்து அச்சகத்தில் ஏழு வருடத் தொழில் பயிற்சிக்கு விட்டார்கள். அது முடிந்ததும் லண்டன் போய் ஓவியம் படித்தார். 1828இல் ராயல் அகாடமி உறுப்பினரானார். இன்று உலகம் கொண்டாடும் ஜான் கான்ஸ்டபிள் அதற்கு இன்னும் ஒரு வருடம் காத்திருந்தார் என்றால் எட்டியின் செல்வாக்கைப் புரிந்துகொள்ளலாம். நிர்வாண ஓவியங்கள் வரைகிறவர் என்று பத்திரிகைகள் அவரைத் தாளித்தன. ஆள் என்னவோ கூச்ச சுபாவம், கல்யாணமும் செய்துகொள்ளவில்லை.

லண்டனில் இருந்தாலும் ஊர் நினைப்பு அவரை விடவில்லை. மதிலுக்கு ஆபத்து என்று கேள்விப்பட்டதும் யார்க் பத்திரிகைகளுக்குக் கடிதம் எழுதத் தொடங்கினார். ஒன்றிரண்டோடு நிறுத்தவில்லை. வந்து பேசினார், தன் பணத்தையும் கொடுத்தார். ஊரில் அவரைப் போல நினைத்தவர்கள் சேர்ந்து சந்தா வசூலித்து மதிலைச் செப்பனிட்டு, மேலே மக்கள் நடக்கப் பாதையும் அமைத்தார்கள். நான் நடந்தது அப்படி வந்த பாதையில்தான். எனக்கு இது முக்கியமாகப் பட்டது. பழையது, புனிதமானது என்று சொல்லி மட்டும் அவர்கள் வாதாடவில்லை. சாயங்காலம் காற்று வாங்க ஓர் இடம் என்று மதிலுக்குப் புது வேலை ஒன்றைக் கொடுத்துவிட்டார்கள். தினமும் மக்கள் நடக்கிற இடத்தை இடிக்க எந்தக் கவுன்சிலருக்கும் தைரியம் வராது.

1829 பிப்ரவரியில் மின்ஸ்டருக்குள் ஜோனதன் மார்ட்டின் என்பவர் ஒளிந்திருந்து தீ வைத்தார். பாடகர் பகுதியின் கூரையும் ஆர்கன் வாத்தியமும் சாம்பலாயின. திரும்பக் கட்டும்போது, பதினைந்து அரசர் சிலைகள் வரிசையாக நிற்கும் கல்திரையை இடம் மாற்றி வைக்கலாம் என்று ஒரு யோசனை வந்தது. அதற்கும் எட்டி கடிதத்தோடு கிளம்பிவிட்டார். திரை இருந்த இடத்திலேயே இருக்கிறது. மின்ஸ்டருக்குள் போனால் அரசர்களை மெதுவாகப் பார்த்துவிட்டு வாருங்கள்.

எல்லாப் போரிலும் மதில் ஜெயிக்கவில்லை. 1839இல் ரயில் வந்தது. துணிக்கடைக்காரராக இருந்து மேயராகி, "ரயில்வே ராஜா" என்று பெயர் வாங்கிய ஜார்ஜ் ஹட்சன் கொண்டுவந்தது. ரயில் நிலையத்தை மதிலுக்கு உள்ளேயே கட்டினார்கள், தண்டவாளம் நுழைய மதிலைத் துளைத்து வளைவு வைத்தார்கள். 1849இல் கணக்கு மோசடிகள் வெளிவந்து ஹட்சன் வீழ்ந்தார். எட்டி காலமானதும் அதே வருடம். 1877இல் நிலையம் மதிலுக்கு வெளியே போய்விட்டது, இன்று நாம் இறங்குவது அங்கேதான். உள்ளே இருந்த பழைய நிலையக் கட்டடத்தில் இப்போது யார் இருக்கிறார்கள் தெரியுமா? நகர மன்ற அலுவலகம்!

மதுரைக்காரனுக்கு இதைப் பார்க்கையில் வேறொரு நினைப்பு வராமல் இருக்காது. யார்க்கில் சந்தா வசூலித்துக்கொண்டிருந்த அதே காலத்தில், 1840ஐ ஒட்டிய ஆண்டுகளில், கலெக்டர் பிளாக்பர்ன் நம் கோட்டை மதிலை இடித்து அகழியைத் தூர்த்தார். வேலையை மேற்பார்த்தவர்கள் பெயரில் மாரட் வீதியும் பெருமாள் மேஸ்திரி வீதியும் வந்தன. நாம் தினமும் நடக்கிற வெளி வீதிகள் அந்த மதில் போன இடம்தான். ஊர் மூச்சுவிட்டது, அதை மறுக்க மாட்டேன். ஆனால் நம் பக்கம் கடிதம் எழுத ஓர் எட்டி இருந்ததாகத் தெரியவில்லை. இருந்திருந்தாலும் யாரிடம் எழுதியிருப்பார்?

யார்க் திரும்புவோம். மதில் போலவே தப்பிப் பிழைத்த இன்னொன்று, மேட்டின் மேல் நிற்கும் கிளிஃபோர்ட் கோபுரம். 1590களில் ராபர்ட் ரெட்ஹெட் என்ற சிறைக் காவலர் இதன் கல்லைப் பெயர்த்துச் சுண்ணாம்புக்கு விற்கப் பார்த்தார். அப்போது எதிர்த்து நின்றது அதே மாநகராட்சி! இருநூறு வருடத்தில் ஓர் அலுவலகத்தின் புத்தி எப்படி மாறுகிறது பாருங்கள்.

இந்தக் கோபுரத்தைப் பார்த்தபோது சுற்றுலா மனநிலை எனக்குப் போய்விட்டது. 1190 மார்ச் மாதம், சிலுவைப்போர் வெறி நாடெங்கும் பரவியிருந்தபோது, யார்க்கில் வாழ்ந்த யூதர்கள் உயிருக்குப் பயந்து இந்த மேட்டின் மேல் அப்போதிருந்த மரக் கோபுரத்தில் தஞ்சம் புகுந்தார்கள். கூட்டம் வெளியே சூழ்ந்து நின்றது. 16ஆம் தேதி இரவு, பிடிபட்டுச் சாவதைவிட மேல் என்று பலர் தங்கள் குடும்பத்தையும் தங்களையும் மாய்த்துக்கொண்டார்கள். கோபுரம் எரிந்தது. உயிர்ப்பிச்சை தருவோம் என்ற பேச்சை நம்பி வெளியே வந்தவர்களை வெட்டிப்போட்டார்கள். சுமார் 150 பேர். அதன் பிறகு கூட்டம் செய்த காரியம்தான் விஷயத்தை விளக்குகிறது. நேரே மின்ஸ்டருக்குப் போய், அங்கே பாதுகாப்பாக வைத்திருந்த கடன் பத்திரங்களைக் கொளுத்தினார்கள். பக்திக்குப் பின்னால் வட்டிக் கணக்கு இருந்தது.

இன்று நிற்கும் கல் கோபுரம் அதற்குப் பின், 13ஆம் நூற்றாண்டில் கட்டியது. மேட்டின் அடிவாரத்தில் அந்தச் சாவுகளுக்கு ஒரு நினைவுக்கல் வைத்தது 1978இல்தான். கிட்டத்தட்ட எண்ணூறு வருடம்! அந்தக் கோபுரமும் சுண்ணாம்புக்குப் போயிருந்தால் நினைவுக்கல் வைக்க ஒரு மேடு மட்டும் மிஞ்சியிருக்கும். 2022இல் உள்ளே படிகளும் உச்சியில் தளமும் அமைத்திருக்கிறார்கள். மேலிருந்து ஊர் அழகாகத் தெரிகிறது. நான் நினைவுக்கல் அருகில்தான் அதிக நேரம் நின்றேன்.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்கிறேன். ஷாம்பிள்ஸ் ஒரு காலத்தில் கசாப்புக் கடைத் தெரு. இறைச்சி மாட்டிய கொக்கிகள் இன்னும் சில கடை வாசலில் உண்டு, கூட்டம்தான் தாங்கவில்லை. வைக்கிங் காலத்து வாழ்க்கையைக் காட்டும் யோர்விக் மையத்தில் நாற்றத்தையும் சேர்த்தே தருகிறார்கள். 1972இல் வங்கிக் கட்டடத்துக்குத் தோண்டியபோது கிடைத்த ஒரு வைக்கிங்கின் மலம் அங்கே கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கிறது. பேரன் அதை மூன்று முறை போய்ப் பார்த்தான். ரயில் அருங்காட்சியகத்துக்குக் கட்டணம் இல்லை. 1938இல் மணிக்கு 126 மைல், அதாவது சுமார் 203 கிலோமீட்டர் ஓடி, நீராவி இன்ஜின்களில் சாதனை படைத்த மல்லார்ட் அங்கே நீலப் பளபளப்போடு நிற்கிறது.

1970களில் இன்னொரு ஆபத்தும் வந்தது. மதிலை ஒட்டி வெளியே ஒரு சுற்றுச்சாலை போட, ஏராளமான வீடுகளை இடிக்கும் திட்டம். ஊர்க்காரர்கள் மறுபடியும் கூடினார்கள், எதிர்த்து வாதாடினார்கள், திட்டம் கைவிடப்பட்டது. எட்டிக்கு 1911இல் சிலை வைத்திருக்கிறார்கள், பூதம் பாருக்குப் பக்கத்தில், ஓவியக் கூடத்தின் முன்னால். அவர் கல்லறை மேரிகேட்டில் புனித ஓலவ் தேவாலய வளாகத்தில் இருக்கிறது.

போகிறவர்களுக்கு ஒரு குறிப்பு. மதிலுக்குக் கட்டணம் இல்லை, இருட்டியதும் பூட்டிவிடுவார்கள். உறைபனி விழுந்த நாளில் வழுக்கும் என்று திறப்பதில்லை. முழுவதும் நடக்க முடியாதவர்கள் பூதம் பாரிலிருந்து மங்க் பார் வரை மட்டும் நடந்தால் போதும், மின்ஸ்டரும் அதன் பின்பக்கத் தோட்டங்களும் கூடவே வரும். சில இடங்களில் உள்பக்கம் கைப்பிடி கிடையாது, பேரக் குழந்தைகளின் கையைப் பிடித்துக்கொள்ளுங்கள்.