ராஜபார்ட் விசுவநாத தாஸ்

தமிழ் நாடக மேடையின் சரித்திரத்தை எழுதப் புகுந்தவர்கள், 1891-ஆம் ஆண்டில் சுகுண விலாச சபையை நிறுவிய பம்மல் சம்பந்த முதலியாரைப் பற்றியும், நாடகத் தலைமையாசிரியர் என்று போற்றப்பட்ட சங்கரதாஸ் சுவாமிகளைப் பற்றியும் விரிவாகவே எழுதியிருக்கிறார்கள். ஆனால் சுவாமிகளின் பாட்டுகளை ஊர் ஊராகச் சுமந்து சென்று, விடிய விடியப் பாடி, அவற்றைப் பாமர ஜனங்களின் சொத்தாக ஆக்கிய ஸ்பெஷல் நாடக நடிகர்களைப் பற்றி எழுதியவர்கள் மிகச் சிலரே. அவர்களில் ஒருவரையேனும் சற்று அருகில் நின்று பார்க்க வேண்டும் என்ற ஆவலே இக்கட்டுரைக்குக் காரணம்.

ஸ்பெஷல் நாடகம் என்பது ஒரு கம்பெனியின் நாடகம் அன்று. பாலர் கம்பெனிகள் பெருகிய காலத்தில், அவற்றில் இடமில்லாத வயது வந்த நடிகர்கள் தனித்தனியே தொழில் செய்யத் தலைப்பட்டார்கள். திருவிழாவுக்கு நாடகம் வேண்டும் ஊரார் ஏஜெண்டு மூலம் ராஜபார்ட்டுக்கு ஒருவரையும், ஸ்திரீபார்ட்டுக்கு ஒருவரையும், பபூனுக்கு ஒருவரையும் தனித்தனியே பேசி முன்பணம் கொடுப்பார்கள். மதுரையிலிருந்து ஒருவரும் புதுக்கோட்டையிலிருந்து ஒருவரும் மாலை வண்டியில் வந்து இறங்கி, ஒத்திகை என்பதே இல்லாமல், இரவு பத்து மணிக்கு மேடையில்தான் ஒருவரையொருவர் எதிர்கொள்வார்கள். அப்படியும் நாடகம் தடையின்றி நடந்ததென்றால், வள்ளி திருமணமும் பவளக்கொடியும் கோவலனும் அவர்கள் அனைவருக்கும் பொதுவான பாடமாக நெஞ்சில் பதிந்திருந்ததே காரணம். பாட்டின் மெட்டையும் தர்க்கத்தின் போக்கையும் அறிந்த ஆர்மோனியக்காரர், யார் எங்கே தடுமாறினாலும் பின்பாட்டாலேயே அவர்களைக் கரை சேர்த்துவிடுவார். எழுதிவைத்த வசனம் சொற்பம். எதிராளியின் வாயிலிருந்து என்ன கேள்வி புறப்படும் என்று தெரியாமலே அதற்கு விடை சொல்லும் வல்லமையே நடிகரின் முதல். ஒலிபெருக்கி இல்லாத அக்காலத்தில், கடைசி வரிசையில் துண்டை விரித்துப் படுத்திருப்பவனையும் எழுப்பி உட்காரவைக்கும் சாரீரம் இல்லாதவருக்கு இத்தொழிலில் இடமில்லை.

அத்தகைய சாரீரம் படைத்தவர் விசுவநாத தாஸ். 1886-இல் சிவகாசியில் பிறந்தவர். பிற்காலத்தில் திருமங்கலத்தைத் தம் ஊராக்கிக்கொண்டவர். வள்ளி திருமணத்தில் முருகன் வேஷம் அவருக்கென்றே அமைந்ததுபோல் பிரசித்தி பெற்றது. ஆயினும் அவர் பிறந்தது மருத்துவர் குலம். சவரத் தொழில் செய்யும் குலத்தில் பிறந்தவர் என்ற ஒரே காரணத்தால், அவரோடு ஜோடியாக நடிக்க மறுத்த ஸ்திரீபார்ட் நடிகைகள் இருந்தார்கள். மேடையில் அவர் முருகப்பெருமானாக வீற்றிருக்கும்போது எழுந்து கைகூப்பிய ஜனங்களே, வேஷம் கலைந்தபின் அவரைத் தள்ளிவைத்தார்கள். நாடகக்காரர்களையே கூத்தாடிகள் என்று இழிவாக எண்ணிய சமூகத்தில், அந்த இழிவுக்குள்ளும் மற்றோர் இழிவை அவர் சுமக்க நேர்ந்தது. இதைப் படிக்கும்போதெல்லாம் என் மனம் கொதிக்கிறது. அவரோ அதனால் கலைமீது கசப்புக் கொண்டவராகத் தெரியவில்லை.

காந்தியடிகளின் இயக்கம் தமிழ்நாட்டில் வேரூன்றியபோது தாஸ் கதர் உடுத்தினார்; மேடையைத் தேசத்துக்குக் கொடுத்தார். இங்கேதான் ஸ்பெஷல் நாடகத்தின் அமைப்பு அவருக்குப் பெருந்துணையாக வாய்த்தது. 1876-ஆம் ஆண்டின் நாடகச் சட்டம், அரசாங்கம் ராஜத்துரோகம் என்று கருதும் நாடகத்தைத் தடுக்கும் அதிகாரத்தை அதற்கு வழங்கியிருந்தது. ஆனால் வள்ளி திருமணத்தைத் தடுப்பதற்கு என்ன முகாந்திரம்? அது புராணக் கதை. தினைப்புனத்தில் வள்ளி ஆலோலம் பாடிப் பறவை ஓட்டுகிறாள். அந்தப் புனத்துக்குள் ஒரு வெள்ளைக் கொக்கு வந்து இறங்கினால், கொக்கு எது, புனம் எது, தினை யாருடையது என்று கேட்பவர்களுக்கு எவரும் உரை சொல்ல வேண்டியதில்லை. கொக்குப் பாட்டு என்று பெயர் பெற்ற அப்பாடலை ஜனங்கள் மறுபடியும் மறுபடியும் பாடச் சொல்லிக் கேட்டார்கள். அச்சிட்ட பிரதியில் இல்லாத பாட்டைத் தணிக்கை செய்ய வழியில்லாமல், போலீஸார் பாடியவரையே தேடி வந்தார்கள். வழக்கும் சிறையும் அவருக்கு வாழ்க்கையின் வழக்கமாயின. அவரை அழைக்கும் ஊராரும் அபாயத்தை அறிந்தே அழைத்தார்கள்.

மதுரகவி பாஸ்கரதாஸ் முதலிய புலவர்கள் தேசியப் பாட்டுகளை இயற்றிக் கொடுத்து வந்த காலம் அது. கே. பி. சுந்தராம்பாளும் எஸ். ஜி. கிட்டப்பாவும் மேடையில் அவற்றைப் பாடி, பெருங்கீர்த்தியோடு பொருளும் சேர்த்தார்கள். 1931-இல் ‘காளிதாஸ்’ என்ற முதல் தமிழ்ப் பேசும் படம் வந்தபோது, அதன் நாயகி டி. பி. ராஜலட்சுமி மேடையில் பயின்றவர்; பாட்டுகள் பாஸ்கரதாஸின் பேனாவிலிருந்து வந்தவை. சினிமா நாடகத்திலிருந்தே தன் குரலை எடுத்துக்கொண்டது. எடுத்துக்கொள்ளப்படாதவர்களோ பழைய மேடையிலேயே வயோதிகம் அடைந்தார்கள். தாஸுக்கு மிஞ்சியது கடன். அபராதமும் சிறைவாசத்தால் இழந்த நாடக நாட்களும் சேர்ந்து திருமங்கலத்து வீட்டையே ஆபத்துக்கு உள்ளாக்கின.

1940-ஆம் ஆண்டு டிசம்பர் 31-ஆம் தேதி, சென்னை ராயல் தியேட்டரில் வள்ளி திருமணம். தேக ஆரோக்கியம் குன்றியிருந்த நிலையிலும், ஒப்புக்கொண்ட நாடகத்தைக் கைவிட மனமில்லாமல், ஐம்பத்துநான்கு வயதில் மீண்டும் முருகனாக மயில்மீது அமர்ந்து பாடத் தொடங்கினார்; பாடிக்கொண்டிருக்கும்போதே உயிர் பிரிந்தது. கிட்டப்பா தம் இருபத்தேழாம் வயதில் மறைந்தபோது நாடு முழுவதும் புலம்பியது. அத்தகைய சரித்திரப் புகழ் தாஸுக்கு வாய்க்கவில்லை.

திருமங்கலத்தில் அவர் வாழ்ந்த வீடு இப்போது அரசாங்கத்தின் நினைவு இல்லமாக இருக்கிறது. அவ்வளவேனும் நடந்ததே என்று மகிழ்கிறேன். ஆனால் அவரோடு ஜோடி சேர மனம் ஒப்பிய நடிகைகள் யார், அந்தப் பாட்டுகளுக்கு ஆர்மோனியமும் மிருதங்கமும் வாசித்து வழக்குக்கு அஞ்சாமல் உடன் நின்றவர்கள் யார் என்பதையும் நாம் தொகுத்தாக வேண்டும். பாஸ்கரதாஸ் பல ஆண்டுகள் எழுதி வந்த நாட்குறிப்பு அச்சாகி வெளிவந்திருக்கிறது. அது போன்றவற்றிலும், கிராமத்துப் பெட்டிகளில் மடிந்து கிடக்கும் பழைய நாடக நோட்டீசுகளிலும், ஊர்ப்பெயரை முன்னே சேர்த்து அச்சிட்ட எத்தனையோ பெயர்கள் இருக்கின்றன. காகிதம் பொடிந்து போவதற்கு முன் அவற்றைப் பிரதி செய்துவிட வேண்டும்.