ரேடியோ நெல்லை நட்டவர்கள்

என் அப்பாயிக்கு எழுதப் படிக்கத் தெரியாது. ஆனால் நெல்லின் பெயர்களை வரிசையாகச் சொல்வார். கீழ்வேளூர்ப் பக்கத்து வயல்களில் வாழ்நாள் முழுக்க நாற்று நட்டவர். அவர் சொன்ன பெயர்களில் ஒன்று 'ரேடியோ நெல்லு'. சிறுமியாக இருந்தபோது அதைக் கேட்டுச் சிரித்திருக்கிறேன். அது வேடிக்கைப் பெயரல்ல, வேளாண் வரலாற்றில் பதிவான பெயர் என்பது ஆய்வு மாணவியான பிறகுதான் தெரிந்தது.

திருச்சி வானொலி நிலையம் 1939இல் தொடங்கியது. 1960களில் தீவிர வேளாண் திட்டம் தஞ்சை மாவட்டத்துக்கு வந்தது. கீழ்வேளூரும் அன்று அந்த மாவட்டத்தில்தான் இருந்தது. ஆடுதுறை நெல் ஆராய்ச்சி நிலையம் ஜப்பானிய ரகத்தையும் நம் நாட்டு ரகத்தையும் கலந்து உருவாக்கிய ஏடிடி 27, குறுவைக்கு ஏற்ற குறுகிய கால நெல். விதைப்பு, உரம், பூச்சிமருந்து என்று அதை வளர்க்கும் முறையைத் திருச்சி வானொலி திரும்பத் திரும்பச் சொன்னது. கேட்டவர்கள் பயிரிட்டார்கள். நெல்லுக்கு ரேடியோவின் பெயரே ஒட்டிக்கொண்டது. வானொலிப் பேச்சு ஊரை மாற்றும் என்பதற்கு இந்தியாவில் இன்றும் எடுத்துக்காட்டப்படும் கதை இது.

இந்தக் கதையில் 'கேட்டவர்கள்' என்பது யாரைக் குறிக்கிறது?

"நீ எங்க அப்பாயி ரேடியோ கேட்ட?" என்று ஒருமுறை கேட்டேன்.

"மிராசு வீட்டுத் திண்ணையில பாடும். கூலி நெல்லுக்குக் களத்துல நிக்கிறப்ப காதுல விழும். ரேடியோ நெல்லுன்னு பேரு வச்சாங்க. ரேடியோவா வந்து நாத்து நட்டுச்சு?"

1966இல் அகில இந்திய வானொலி தன் வேளாண் ஒலிபரப்புக்கென ஏற்படுத்திய பிரிவின் பெயர் 'பண்ணை, இல்லம்'. அந்தப் பெயரிலேயே ஒரு கோடு கிழிக்கப்பட்டிருக்கிறது. பண்ணை ஆணுக்கு, இல்லம் பெண்ணுக்கு. ஆனால் டெல்டாவில் நடவும் களையெடுப்பும் பெண்களின் வேலை. குறுவையும் தாளடியும் என்று இரண்டு போகம் வந்தால், முதுகு வளைத்து நடுவதும் இரண்டு முறை. விளைச்சல் கூடியபோது அவர்களுக்கு வேலை கூடியது. கூலி கூடுமா என்பதுதான் கேள்வியாக இருந்தது.

அந்தக் கேள்விக்குக் கிடைத்த பதில் கீழ்வேளூருக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. கூடுதல் கூலி நெல் கேட்ட போராட்டத்தின் தொடர்ச்சியாக 1968 டிசம்பர் 25 இரவு கீழவெண்மணியில் 44 தலித் மக்கள் குடிசைக்குள் வைத்து எரிக்கப்பட்டார்கள். அவர்களில் பெரும்பாலோர் பெண்களும் குழந்தைகளும். ரேடியோ நெல்லின் காலமும் வெண்மணியின் காலமும் ஒன்றே. பாடநூல்களில் இரண்டும் வேறு வேறு பக்கங்களில் இருக்கின்றன. ஒன்று வேளாண்மை, மற்றது சாதிக் கொடுமை. அப்பாயியின் நினைவில் இரண்டும் ஒரே வயலில் நடந்தவை. யூரியா எவ்வளவு போட வேண்டும் என்று ரேடியோ சொன்னதை அவர் மறக்கவில்லை. கூலியைப் பற்றி அது பேசியதாக ஒருநாளும் சொன்னதில்லை.

இந்த வரலாற்றின் அடுத்த கட்டம் கடலோரத்தில் தொடங்குகிறது. 2004 டிசம்பர் 26 சுனாமியில் நாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும் 6,000க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். பக்கத்துக் கடலூர் மாவட்டத்தில் இறந்தவர்கள் 391 பெண்கள், 146 ஆண்கள் என்று ஆக்ஸ்பாம் அமைப்பு 2005இல் பதிவு செய்தது. எச்சரிக்கை பெண்களின் காதுக்கு எட்ட வேண்டும் என்பது உயிர் சம்பந்தப்பட்டது என்று அந்தக் கணக்கு சொன்னது.

சட்டத்திலும் வழி மெல்லத் திறந்தது. அலைவரிசை பொதுச்சொத்து என்று 1995இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. கல்வி நிறுவனங்களுக்கு முதலில் அனுமதி கிடைத்தது. 2004இல் சென்னையில் அண்ணா பல்கலைக்கழகத்தின் வானொலி ஒலித்தது. 2006 நவம்பரில் தொண்டு நிறுவனங்களுக்கும் சமுதாய வானொலி அனுமதி நீட்டிக்கப்பட்டது. 2008இல் இன்றைய தெலங்கானாவின் ஒரு சிற்றூரில் தலித் பெண்கள் நடத்தும் 'சங்கம் ரேடியோ' தொடங்கியது.

எங்கள் பக்கத்தில், வேளாங்கண்ணிக்குத் தெற்கே உள்ள விழுந்தமாவடியில், தானம் அறக்கட்டளையின் 'களஞ்சியம்' சமுதாய வானொலி வந்தது. களஞ்சியம் என்பது அந்த அறக்கட்டளை உருவாக்கிய பெண்கள் சேமிப்புக் குழுக்களின் பெயர். ஒரு வானொலி நிலையத்துக்குப் பெண்களின் சேமிப்பிலிருந்து பெயர் வருவது சிறிய செய்தியல்ல. சமுதாய வானொலி 100 வாட் ஆற்றலுக்குள் இயங்க வேண்டும், கோபுரம் 30 மீட்டரைத் தாண்டக் கூடாது, நிகழ்ச்சியில் பாதியாவது அந்தப் பகுதியிலேயே உருவாக வேண்டும் என்பவை விதிகள். சில ஊர்களைத் தாண்டி இந்தக் குரல் போகாது. அதனால்தான் அதில் நம் பேச்சு வழக்கு வெட்கப்படாமல் ஒலிக்க முடிகிறது. அப்பாயி திண்ணைக்குக் கீழே நின்று கேட்டார். அவருடைய பேத்தி வயதுப் பெண்கள் ஒலிவாங்கிக்கு முன்னால் உட்கார முடிகிறது.

ஆனால் இன்னொரு விதியும் இருக்கிறது. சமுதாய வானொலி சொந்தமாகச் செய்தி ஒலிபரப்பக் கூடாது. அரசியல் தன்மையுள்ள நிகழ்ச்சியும் கூடாது. புயல் வருகிறது என்று சொல்லலாம். கூழ் வற்றல் போடும் பக்குவம் சொல்லலாம். நடவாட்கள் கூலி உயர்வு கேட்டு வேலைக்குப் போகாமல் இருக்கிறார்கள் என்று சொன்னால் அது செய்தி. ஒலிவாங்கி பெண் கைக்கு வந்த பிறகும், அப்பாயி களத்தில் நின்று எதிர்பார்த்த அந்த ஒரு பேச்சு வெளியிலேயே நிற்கிறது.

என் வகுப்பில் பெரும்பாலும் விவசாயக் கூலிக் குடும்பத்துப் பெண்கள். ஒவ்வொரு பருவத்திலும் அவர்களுக்கு ஒரு வேலை கொடுக்கிறேன். வீட்டில் மூத்த பெண்ணிடம் அவர் நட்ட நெல்லின் பெயர்களையும், அந்தந்த ஆண்டு வாங்கிய கூலியையும் கேட்டுச் செல்பேசியில் பதிவு செய்து வர வேண்டும். நெல்லின் பெயர்களைப் பாட்டிகள் உடனே சொல்லிவிடுகிறார்கள். கூலி என்றதும் குரலைத் தாழ்த்துகிறார்கள், சிலர் வாசல் கதவைப் பார்க்கிறார்கள் என்று மாணவிகள் வந்து சொல்கிறார்கள். அந்தத் தாழ்ந்த குரலையும் அழிக்காமல் வைத்திருக்கச் சொல்கிறேன்.

என் அப்பாயியின் குரல் என்னிடம் இல்லை. நான் கேட்டுக்கொண்டிருந்த காலத்தில் அதைப் பதிவு செய்யத் தோன்றவில்லை.