கணையநீர்த் தேக்க வடிப்பில் பிளாஸ்டிக் ஸ்டென்ட்டும் உலோக ஸ்டென்ட்டும்: ஓர் ஒப்பாய்வு

1. ஆய்வுப் பொருள்

கணைய அழற்சிக்குப் பின் தேங்கும் நீரெல்லாம் ஒரே தன்மையது அன்று. 2012இல் திருத்தப்பட்ட அட்லாண்டா வகைப்பாடு, நான்கு வாரம் கடந்து சுவர் கட்டிய தேக்கங்களை இரண்டாகப் பிரிக்கிறது. ஏறத்தாழ நீர் மட்டுமே உள்ளது போலி நீர்க்கட்டி. இறந்த திசுவும் கலந்தது நெக்ரோசிஸ் தேக்கம். வலி, தொற்று, இரைப்பை அடைப்பு எனத் தொல்லை தருபவற்றையே வடிக்க வேண்டும். எண்டோஸ்கோப்பி அல்ட்ராசவுண்ட் வழிகாட்ட, இரைப்பைச் சுவரையோ முன்சிறுகுடல் சுவரையோ துளைத்து ஸ்டென்ட் பொருத்துவது இன்றைய வழக்கம். எதைப் பொருத்துவது என்பதைத் தேக்கத்தின் உள்ளடக்கமும் கணையக் குழாயின் நிலையும் நோயாளி திரும்பி வரும் உறுதியுமே தீர்மானிக்க வேண்டும் என்பது இக்கட்டுரையின் துணிபு.

2. அமைப்பும் செயலும்

2.1 பிளாஸ்டிக் ஸ்டென்ட்: இரு முனையும் சுருண்ட, 7 முதல் 10 பிரெஞ்ச் (சுமார் 2.3–3.3 மி.மீ.) அளவுள்ள குழாய். சுருள் நழுவாமல் பிடித்துக்கொள்ளும். பெரும்பாலும் ஒன்றுக்கு மேல் வைப்பர். விலை குறைவு, ஆனால் திசுத்துண்டுகள் எளிதில் அடைத்துக்கொள்ளும்.

2.2 உலோக ஸ்டென்ட்: உறையிட்ட கம்பிவலை. நூற்கண்டைப் போல் இருபுறமும் அகன்ற விளிம்பு, இரைப்பைச் சுவரையும் தேக்கத்தின் சுவரையும் நெருக்கிப் பிடிக்கிறது. 15 அல்லது 20 மி.மீ. விட்டம் இருந்தால், அதன் வழியே எண்டோஸ்கோப்பை நுழைத்து இறந்த திசுவை அகற்றலாம்.

3. சான்றுகள்

3.1 பலன்: நெக்ரோசிஸ் தேக்கம் உள்ள 60 பேரைக் கொண்டு அமெரிக்காவில் நடந்த சீரற்ற ஒப்பீட்டாய்வு 2019இல் ‘கட்’ இதழில் வெளிவந்தது. பொருத்தும் நேரம் உலோகத்தில் குறைந்தது. தேவைப்பட்ட சிகிச்சை அமர்வுகளின் எண்ணிக்கையிலோ வேறுபாடு தெரியவில்லை.

3.2 தீங்கு: அதே ஆய்வில் ஸ்டென்ட் சார்ந்த சிக்கல்கள் உலோகத்தில் 32.3 விழுக்காடு, பிளாஸ்டிக்கில் 6.9. தேக்கம் விரைவில் சுருங்கிவிடுகிறது. விறைப்பான உலோகமோ இடம் மாறாமல் நிற்கிறது. அதன் விளிம்பு அருகிலுள்ள இரத்தக் குழாயை உராய்ந்தால் குருதி பெருகும். சில வேளை ஸ்டென்ட்டே திசுவுக்குள் புதைந்துபோகும். மூன்றாம் வாரம் சி.டி. எடுத்து, தேக்கம் வடிந்திருந்தால் ஸ்டென்ட்டை எடுத்துவிடும் முறை வந்தபின், அந்த ஏற்றத்தாழ்வு புள்ளியியல் நோக்கில் பொருட்படுத்தத்தக்கதாக இல்லை.

4. குழாய் துண்டிக்கப்பட்ட நிலை

நெக்ரோசிஸ் கணையக் குழாயை அறுத்துவிட்டால், வால்பகுதியில் சுரக்கும் நீர் மீண்டும் தேங்கக்கூடும். பிளாஸ்டிக் ஸ்டென்ட்டை நெடுங்காலம் விட்டுவைத்தால் இது தடுக்கப்படும் என்ற கருத்துக்கு 2007இல் வந்த சிறிய ஒப்பீட்டாய்வு வலுச்சேர்த்தது. உலோகத்தை எடுத்தபின் பிளாஸ்டிக் வைப்பதையும் வைக்காமல் விடுவதையும் ஐதராபாத்தில் 104 பேரிடம் ஒப்பிட்ட ஆய்வு, மூன்று மாத அளவில் கணிசமான வேறுபாடு காணவில்லை. ஆகவே பிளாஸ்டிக்கை நெடுங்காலம் விட்டுவைப்பதை எல்லோர்க்கும் உரிய விதியாக்க இயலாது.

5. முடிவு

போலி நீர்க்கட்டிக்குப் பிளாஸ்டிக் போதும். திசுவை அகற்ற நேரும் என்று தெரிந்தால், அகன்ற வழி தரும் உலோகத்துக்குச் செலவிடுவது தகும். ஆனால் அதைப் பொருத்தும் நாளிலேயே மறு சி.டி.க்கும் அகற்றலுக்கும் நாள் குறிக்க வேண்டும். நோயாளி திரும்பி வருவது உறுதியில்லை எனில், அந்தக் காரணம் ஒன்றே பிளாஸ்டிக்கைத் தேர்வதற்குப் போதுமான நியாயம்.