ஊழியம்

'மிஷன் வந்தது' என்றே நம் சரித்திரங்கள் பெரும்பாலும் தொடங்குகின்றன. கீரிப்பாறையிலிருந்து ரப்பர் தோட்டங்களின் ஊடே மழையில் இறங்கி, மயிலாடி, நாகர்கோவில், பிறகு கடலோரமாக மணக்குடி என்று இரண்டு நாள் சுற்றியதில், இந்த வாக்கியத்துக்கு எழுவாய் வேறு என்று எனக்குப் பட்டது.

கடற்கரையில் 1544. சவேரியார் ஒரே மாதத்தில் பதினாயிரத்துக்கும் அதிகமானவர்களுக்கு ஞானஸ்நானம் கொடுத்ததாக எழுதுகிறார். தொகை தெரிகிறது. அந்த முக்குவர்கள் ஏன் இசைந்தார்கள் என்பது அவர்கள் வாயால் நமக்குக் கிடைக்கவில்லை.

மயிலாடியில் நிலைமை சற்று வேறு. அங்கே ஒரு பெயர் இருக்கிறது. சாம்பவர் குலத்து மகாராசன் தஞ்சாவூர் போய், வேதமாணிக்கமாகத் திரும்பி, தம் ஜனங்களுக்குப் போதகர் வேண்டுமென்று கேட்டார். லண்டன் மிஷன் சங்கத்தின் ரிங்கல்தௌபே 1806இல் வந்தது அதற்குப் பிறகுதான். 1809இல் ஆலயம் எழுந்தது. 1816இல் அந்தப் பிரஷ்யர் விடைபெற்றபோது பொறுப்பு வேதமாணிக்கத்திடமே வந்தது. அழைத்தவரும் அவர், எஞ்சியவரும் அவர்.

வருகிறவர்கள் வேதத்துக்காக வரவில்லை, வரியிலிருந்தும் ஊழியத்திலிருந்தும் தப்பவே வருகிறார்கள் என்ற சந்தேகம் ரிங்கல்தௌபேயை அரித்திருக்கிறது. மதமாற்றத்தைப் பற்றிப் பேசும் பலருக்கு இன்றும் அதே சந்தேகம்தான். ஆத்மா வேறு, முதுகு வேறு என்று பிரிக்க முடிகிறதென்றால், பிரிப்பவன் முதுகில் சுமை இல்லை என்றே அர்த்தம்.

'ஊழியம்' என்ற சொல்லைக் கவனிக்க வேண்டும். திருவிதாங்கூர் சர்க்காருக்குக் கூலியின்றிச் செய்ய வேண்டியிருந்த வேலைக்கு அதுதான் பெயர். சபையில் போதகர் செய்வதற்கும் அதே பெயர். ரெசிடெண்ட் மன்றோ காலத்தில் கிறிஸ்தவர்களுக்கு ஞாயிற்றுக்கிழமை ஊழியத்திலிருந்து விலக்குக் கிடைத்தது. ஒரு ஊழியத்திலிருந்து ஒருநாள் விடுபட்டு இன்னொரு ஊழியத்தைக் கேட்க உட்கார்ந்தவனுக்கு, ரட்சிப்பு என்ற சொல் வெறும் மறுமையாக ஒலித்திருக்க முடியாது.

1859 ஜூலை 26ஆம் தேதிப் பிரகடனம் இதற்கு மறுபக்கம். நாடார் பெண்கள் குப்பாயம் போடலாம், முக்குவத்திகளைப்போல் முரட்டுத்துணி சுற்றலாம். மேல்சாதிப் பெண்களைப்போல் மட்டும் உடுத்தக் கூடாது. கவர்னர் டிரெவலியன் நெருக்கியும் சர்க்கார் அளந்து கொடுத்தது இவ்வளவுதான். துணிக்காக அடிபட்டவர்களிடம், நீங்கள் போராடியது மதத்துக்கா மானத்துக்கா என்று கேட்பதில் பொருளில்லை.

மயிலாடி ஆலயம் இன்று ரிங்கல்தௌபே, வேதமாணிக்கம் இருவர் பெயரையும் சேர்த்தே தாங்கி நிற்கிறது. சரித்திரம் எழுதுகிறவர்கள் அந்த வரிசையை ஒருமுறையாவது மாற்றிப் படித்துப் பார்க்கலாம்.