மசாலா டீ பிறந்த கதை

மசாலா டீ என்னவோ ரிஷிகள் காலத்துப் பானம் என்று நினைப்பவர்கள் உண்டு. இஞ்சி, மிளகு, ஏலக்காய் போட்ட கஷாயம் பழசுதான். சளிக்கும் அஜீரணத்துக்கும் வீட்டிலேயே காய்ச்சிக் குடித்தார்கள். அதில் தேயிலை சேர்ந்ததுதான் புதுசு.

1839-ல் அசாம் தேயிலை லண்டனில் ஏலம் போனது. அதன்பின் வெகுகாலம் விளைந்ததெல்லாம் பெரும்பாலும் ஏற்றுமதிக்கே. 1903-ல் ஏற்றுமதித் தேயிலைக்கு ஒரு வரி போட்டு, அந்தப் பணத்தில் டீக்கு விளம்பரம் செய்தார்கள். ஆலைகளிலும் ரயில் நிலையங்களிலும் டீ வந்தது. வெள்ளைக்காரர் சொல்லிக்கொடுத்த முறையில் பால் கொஞ்சம்தான்.

கடைக்காரரின் கணக்கே வேறு. இலை விலை அதிகம். பாலையும் சர்க்கரையையும் கூட்டி, மசாலாவைத் தட்டிப் போட்டால் கொஞ்சம் இலையிலேயே ருசி வந்துவிடும். தோட்ட முதலாளிகளின் சங்கத்துக்கு இது பிடிக்கவில்லை. இலை விற்பனை குறையுமே! ஆனால் அவர்கள் பேச்சை யார் கேட்டார்கள்?

1930களில் அசாமில் சி.டி.சி. இயந்திரம் வந்தது. இலையை நசுக்கி, கிழித்து, சுருட்டிக் குருணையாக்கும். சிறிது போட்டாலே டிக்காஷன் கெட்டியாக இறங்கும், மசாலாவுக்கும் பாலுக்கும் ஈடுகொடுக்கும். 1960களில் இந்தத் தூள் மலிவாகப் பரவியது. மசாலா டீ ஏழைக்கும் எட்டியது. மும்பையில் அதையும் பாதி கிளாஸ் 'கட்டிங்' என்று விற்கிறார்கள். நாலு பேர் நின்று பேச அது போதும்.